பத்து விரலும் வேண்டும்

அத்தையிடம் அடி வாங்காதவர்கள் எங்கள் குப்பத்தில் இரண்டே வகைதான். ஒன்று, கைக்குழந்தைகள். இன்னொன்று, செத்துப்போனவர்கள். செத்தவர்களிலும் ஒருவர் வாங்கியிருக்கிறார். அவர் அத்தையின் புருஷன்.

காற்று சரியில்லை, முகத்துவாரம் பக்கம் போகாதே என்று அவள் தலைபாடாக அடித்துக்கொண்டும் கேட்காமல் மாமா படகை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் அவரைக் கொண்டுவந்து கரையில் கிடத்தினார்கள். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள், குனிந்தாள், பிணத்தின் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டாள். "சொன்னேனா இல்லியா? சொன்னேனா இல்லியா?" மறுபடி கை ஓங்கியபோதுதான் என் நைனா ஓடிப்போய்ப் பிடித்தார். அத்தை நைனாவுக்குக் கூடப்பிறந்த தங்கை. எனக்கு அப்போது ஆறேழு வயதிருக்கும். அன்றைக்கு யார் யார் எப்படி அழுதார்கள் என்று ஞாபகமில்லை. ஈரக் கன்னத்தில் விழுந்த அந்த அடியின் சத்தம் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அதற்குப் பிறகு அவள் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். அம்மா என்னை ஒரு நாளும் கைநீட்டி அடித்ததில்லை. அந்தத் துறையை நாத்தனாரிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருந்தாள்.

அத்தை ஆள் குள்ளம். கை மட்டும் உடம்புக்குச் சேராத நீளம். வலது கைச் சுண்டுவிரல் வெளிப்பக்கமாகக் கோணிக்கொண்டு நிற்கும். யாருடைய தாடையிலோ பட்டு ஒடிந்தது. யார் தாடை என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் வேறு பெயர் சொல்வாள். அவளுக்கு முதலில் கை போகும், பின்னால் வாய் போகும், யோசனை என்ற ஒன்று வந்தால் கடைசியில் வரும். "இன்னா ஏதுன்னு கேட்டுட்டு அடிக்கக்கூடாதா?" என்று நைனா ஒரு தடவை பொறுக்கமாட்டாமல் கேட்டார். "கேட்டுட்டு அடிக்கறதுக்கு நான் இன்னா கோர்ட்டா?" என்றாள்.

தப்பாகவும் அடிப்பாள். பள்ளிக்கூடத்தில் யாரோ ஜன்னலை உடைத்ததற்கு நான் வாங்கினேன். நான் இல்லை என்று சாயங்காலம் தெரியவந்தது. அவள் முகத்தில் வருத்தமே இல்லை. "சரி, அடுத்த தப்புக்கு இத்த வெச்சுக்கோ" என்றாள். அடுத்த தப்பு செய்தபோது நான் அதை ஞாபகப்படுத்தினேன். அதற்கும் அடித்தாள்.

அடித்து முடித்தால் அவளுக்குப் பசிக்கும். இது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். யார் வீட்டுச் சண்டையிலாவது புகுந்து கைவைத்துவிட்டு வந்தாள் என்றால் அம்மா ஒன்றும் கேட்காமல் தட்டை எடுத்து வைப்பாள். அத்தை மீன் குழம்பைச் சோற்றில் பிசைந்து, நிறைந்த மனதோடு சாப்பிடுவாள்.

ஏலக்கூடத்தில் அவள் நண்டு விற்றாள். எளாவூர்ப் பக்கத்திலிருந்து நண்டு வாங்க வருகிற வியாபாரி ஒருவன், எடை போடும்போது தராசுத் தட்டின் விளிம்பில் கட்டைவிரலை வைத்து லேசாகத் தூக்கிவிடுவான். எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். அத்தை ஒரு பெரிய களி நண்டை எடுத்தாள், கொடுக்கைக் கட்டியிருந்த நாரை அவிழ்த்தாள், அந்தக் கட்டைவிரலின் மேல் வைத்தாள். அவன் போட்ட கூச்சலில் ஏலமே நின்றுவிட்டது. விரல் தொங்க ஆஸ்பத்திரிக்கு ஓடினான். "இப்போ எட சரியா இருக்குது பாரு" என்று தராசைக் காட்டினாள். கூடம் முழுக்கச் சிரித்தது. இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

எனக்கு முழுசாகச் சிரிக்க வருவதில்லை. என் தங்கை பத்தாவது படிக்கும்போது பஸ் ஸ்டாண்டில் ஒரு பையனோடு நின்று பேசிக்கொண்டிருந்தாள். நோட்டுப் புத்தகம் கேட்டிருக்கிறான், அவ்வளவுதான். அத்தை அங்கேயே, அத்தனை பேர் பார்க்க, புறங்கையால் வாயில் அடித்தாள். முன்பல் இரண்டு போயிற்று. தங்கை இப்போது அனுப்பம்பட்டில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். கட்டுப்பல் வைத்துவிட்டார்கள். ஆனாலும் சிரித்தால் வாயைக் கையால் மூடிக்கொள்வாள். அத்தை இருக்கும் வீட்டில் அவள் கால் வைப்பதில்லை. அத்தையும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அத்தையை நல்லவள் என்று யாராவது சொன்னால் நான் தங்கையை நினைத்துக்கொள்வேன்.

நான் கல்லூரி முடித்துவிட்டு, இறாலுக்கு வருகிற நோய்களைப் பற்றி மேலே படிக்க வெளிநாட்டுக்கு மனுப் போட்டேன். நாட்டின் பெயர் வேண்டாம். விசா கொடுக்கிறவர்கள் எதைப் படித்து எதை நினைப்பார்களோ. ஒரு குளிர் தேசம், அவ்வளவு போதும். அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது, உதவித்தொகையும் கிடைத்தது. சென்னையில் விசா மையத்துக்குப் போய்க் காகிதங்களைக் கொடுத்து, கைரேகை வைத்துவிட்டு வந்தேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அத்தை எல்லாவற்றையும் நடித்துக் காட்டச் சொன்னாள். ஒரு கண்ணாடி இருக்கும், அதன்மேல் நாலு விரலைச் சேர்த்து வைக்க வேண்டும், அப்புறம் அடுத்த கை, அப்புறம் இரண்டு கட்டைவிரல் என்று சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்துப்போட்டுக் காட்டினேன். "பத்தும் வோணுமா? ஒன்னு இல்லேன்னா?" என்றாள். "பத்தும் வோணும் அத்தே, கட்டு கிட்டு போட்டுக்கினு போனா ஆறினப்புறம் வான்னு திருப்பி அனுப்பிடுவாங்க" என்றேன். அவளும் தட்டின்மேல் விரல்களை வைத்துப் பார்த்தாள். கோணல் சுண்டுவிரல் படியவில்லை. "என் கைக்கெல்லாம் விசா குடுக்க மாட்டாங்கடா" என்று சிரித்தாள்.

முழுக்கையும் படிந்த எனக்கே கொடுக்கவில்லை. படிப்பு முடிந்ததும் நான் ஊர் திரும்புவேன் என்று அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லையாம். அதைத் தமிழில் சொன்னதும் அத்தைக்கு வந்த கோபம் இருக்கிறதே! "திரும்பி வரமாட்டான்னு அவனுக்கு யாரு சொன்னது? என்னை வந்து கேட்டானா? வரலேன்னா அத்தக்காரி வந்து கால ஒடிப்பான்னு எழுதிப் போடு."

அடிக்க விசா அதிகாரி கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. முதல் தடவை எனக்கு மனு நிரப்பிக் கொடுத்த ஏஜென்ட் இருந்தான். அவன் ஆபீசுக்கு என்னோடு கிளம்பி வந்தாள். அவன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "குப்பத்துப் பசங்களுக்கு இதெல்லாம் செட் ஆவாது அக்கா. துபாய்ல வேல இருக்குது, அனுப்பி வெக்கட்டா?" என்றான். மேசைக்கு மேலாகவே கை போயிற்று. நாற்காலியோடு பின்பக்கம் விழுந்தான். மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. திரும்பும் வழியில் ஓட்டலில் அத்தை இரண்டு பரோட்டாவும் ஒரு பிரியாணியும் சாப்பிட்டாள்.

இரண்டாம் தடவை மனுவை நானே எழுதினேன். பல்கலைக்கழகம் அடுத்த பருவம் வரைதான் இடத்தை வைத்திருக்கும் என்று சொல்லிவிட்டது. இதிலும் மறுத்தால் அவ்வளவுதான், படிப்பும் உதவித்தொகையும் போய்விடும். நான் ஏன் திரும்பி வருவேன் என்பதற்கு இந்தத் தடவை ஒரு நல்ல காரணம் காட்டினேன். எங்கள் வீட்டுக்கு ஏரியில் பாட்டுப் பங்கு இருக்கிறது என்று எழுதினேன்.

எங்கள் ஏரியில் இறால் விழுகிற இடங்களுக்குப் பாடு என்று பெயர். நினைத்தவன் போய் அங்கே வலை கட்டிவிட முடியாது. எந்த வீட்டுக்கு எந்த நாள் என்று முறை உண்டு, அது வீடு வீடாகச் சுற்றி வரும். இதை மனுவில் எழுதினேன். எழுதாத ஒன்றும் இருக்கிறது. எங்கள் குப்பத்தில் கேஸுக்கும் அதே முறைதான். அக்கரைக் குப்பத்தோடு அடிதடி நடந்தால் போலீஸ் வரும். ஊர் கூடி, முறை வந்திருக்கும் வீடுகளிலிருந்து குற்றவாளியாக ஆள் கொடுக்கும். நிஜத்தில் அடித்தவன் யார் என்ற பேச்சே கிடையாது. பாட்டில் பங்கு வாங்குகிற வீடு கேஸிலும் பங்கு வாங்க வேண்டும். அறுபது தாண்டியவர்களை விட்டுவிடுவார்கள். நைனா தாண்டிவிட்டார். எங்கள் வீட்டில் மிச்சம் இருந்த ஆண் நான்தான்.

விசா மையத்தில் கைரேகைக்கு நாள் வாங்கிவிட்டேன். என்மேல் கேஸ் இல்லை என்ற போலீஸ் சான்றுக்கும் எழுதிப்போட்டேன். இந்தத் தடவை அதையும் கேட்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் அக்கரைக்காரர்கள் எங்கள் பாட்டில் கட்டியிருந்த வலைகளை அறுத்துவிட்டார்கள். எங்கள் வலையும் அதில் போயிற்று. மத்தியானம் கோயில் வாசலில் ஊர் கூடியது. விடிந்ததும் வீட்டுக்கு ஓர் ஆள் படகேற வேண்டும் என்று முடிவானது. கேஸ் ஆனால் பெயர் கொடுக்கும் முறை எங்கள் வீட்டில் ஆரம்பிக்கிறது என்றும் சொன்னார்கள்.

"நீ போவாத" என்றாள் அத்தை.

"எல்லா வூட்லயும் போறாங்க. நான் மட்டும் போவலேன்னா ஊர்ல மூஞ்சி காட்ட முடியுமா?"

"கேஸுல பேரு வந்தா வெளிநாடு?"

"கெடைக்காது. அதுக்கு இன்னா பண்றது அத்தே? முற நம்மளுக்கு வந்துக்கீது."

எனக்கும் ரத்தம் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. நைனா அறுந்த வலையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். நாலு பேர் மண்டையை உடைத்தால்தான் ஆறும் போலிருந்தது. அத்தை என் கையைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். எழுந்து பின்பக்கம் போனாள். அவள் கை சும்மா இருந்ததே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பொழுது சாயும் நேரம். வீட்டுக்குப் பின்னால் மணலில் காலை நீட்டி உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தேன். வலை கட்டுகிற சவுக்குக் கழி ஒன்றை எடுத்துக்கொண்டு அவள் வந்தாள். எங்கேயோ நட எடுத்துப் போகிறாள் என்று நினைத்தேன். என் முழங்காலுக்குக் கீழே அடித்தாள். முதல் அடியில் எலும்பு ஒடியவில்லை. "அத்தே!" என்று அலறிப் புரண்டேன். அவள் என் தொடைமேல் ஒரு காலை வைத்து அழுத்திக்கொண்டு, அதே இடத்தில் இன்னொரு அடி போட்டாள். ஒடிந்தது எனக்கே கேட்டது. அவள் கத்தவில்லை, திட்டவில்லை. திட்டாமல் அவள் அடித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கழியைக் கீழே போட்டுவிட்டு, மீன் வண்டிக்காரனைக் கூப்பிட ஓடினாள்.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன ஆயிற்று என்று கேட்டார். "நான்தான் அடிச்சேன். இன்னிக்கு சாயங்காலம்னு எழுதிக்கோங்க" என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கேஸ் வேண்டாம் என்றேன். மனதுக்குள் அவளைக் கொன்றுவிட வேண்டும் போலிருந்தது. ஊர் என்னைப் பொட்டை என்று சொல்லும், இவளால் என் மானம் போயிற்று என்று படுக்கையிலிருந்தபடியே கெட்ட வார்த்தையில் திட்டினேன். தங்கையின் பல்லைச் சொல்லித் திட்டினேன். கேட்டுக்கொண்டு கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். அம்மா சோறு கொடுத்தனுப்பியிருந்தாள். அத்தை அதைத் தொடவில்லை.

மறுநாள் காலையில் அடிபட்டவர்கள் வரத் தொடங்கினார்கள். எங்கள் குப்பத்துக்காரர்களும் அக்கரைக்காரர்களும் ஒரே வார்டில், தரையிலும் பாயிலும். பக்கத்துப் படுக்கையில் அக்கரைப் பையன் ஒருவன், என் வயதுதான் இருக்கும். துடுப்பு வீச்சுக்குக் கையைக் குறுக்கே கொடுத்ததில் மூன்று விரல் நசுங்கிவிட்டது. துணியைப் பிரித்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அத்தை திருப்பவில்லை. அந்தக் கையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் நாளே ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டவனை ஊர் கொடுக்க முடியாது. கொடுத்தால் போலீஸ்காரர்களே சிரிப்பார்கள். முறை எங்கள் வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போயிற்று. அடுத்த வீட்டு அண்ணன் வாயில்லாப் பூச்சி. இரண்டு பெண் குழந்தைகள். சண்டையன்று படகிலிருந்து இறங்கக்கூட இல்லையாம். அவரைக் கொடுத்தார்கள். புழல் ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். ஆள் அனுப்பாத குற்றத்துக்கு எங்கள் வீட்டுக்குப் பாடு கிடையாது என்று ஊர் சொல்லிவிட்டது. நான் திரும்பி வருவேன் என்பதற்குக் காட்டிய காரணமும் அதோடு போயிற்று.

காலில் மாவுக்கட்டோடு நான் வீட்டுக்கு வந்த சில நாளில், ஏலக்கூடத்தில் அடுத்த வீட்டு அண்ணி அத்தையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணி அதுவரை யாரையும் அதட்டிக்கூடப் பேசியதில்லை. "உன் வூட்டுப் புள்ளைக்குக் கால ஒடச்சி, என் புருஷன ஜெயிலுக்கு அனுப்பிட்டியேடி பாவி" என்று தலைமுடியைப் பற்றி இழுத்துக் கன்னம் கன்னமாக அடித்தாள். கூடமே ஒதுங்கி நின்றது. இப்போது ஒரு கொலை விழும் என்று எல்லாரும் நினைத்தார்கள். நண்டுக்கூடை கவிழ்ந்து கிடக்க, அத்தை இரண்டு கைகளையும் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள். உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது, துடைக்கவில்லை. அண்ணிக்குக் கை ஓயும்வரை நின்றாள். அப்புறம் குனிந்து நண்டுகளைப் பொறுக்கினாள். இதைப் பார்த்தவர்கள் எனக்கு வந்து சொன்னபோது நான் நம்பவில்லை. அவள் வீட்டுக்கு வந்ததும் முகத்தைப் பார்த்து நம்பினேன். எனக்கு அழுகை வந்தது. அவள்மேல் இருந்த ஆத்திரமும் போகவில்லை.

போலீஸ் சான்று வந்துவிட்டது. கைரேகைக்கு நைனா கூட வருவதாகச் சொன்னார். அத்தை விடவில்லை. பொன்னேரியில் ரயில் ஏறினோம். ஊன்றுகோலோடு நான் நிற்க, மீஞ்சூரில் ஏறிய ஒருத்தன் காலியான இடத்தில் சட்டென்று உட்கார்ந்துகொண்டு செல்போனை எடுத்தான். நான் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் என் கையை விலக்கிவிட்டு, அவன் காதைப் பிடித்து எழுப்பினாள். அடிக்கவில்லை.

மையத்துக்குள் அவளை விடவில்லை. எதிர்ப் பிளாட்பாரத்தில் வெயிலில் நின்றாள். உள்ளே இருந்த பெண் என் காலைப் பார்த்து, "மெதுவா வாங்க சார்" என்றாள். நாலு விரல். அடுத்த கையில் நாலு விரல். இரண்டு கட்டைவிரல். பச்சை விளக்கு எரிந்தது. நொண்டிக்கொண்டு வெளியே வந்தேன். அத்தை ஓடிவந்தாள். விசா கிடைக்குமா, என்ன கேட்டார்கள் என்று எதுவும் கேட்கவில்லை. என் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பத்தும் பதிஞ்சுதா?"

"பதிஞ்சுது அத்தே."

"அதுக்குத்தான்டா கால்ல போட்டேன்" என்றாள். "கைதான் கிட்டக்க இருந்துது. ஆனா வெரலு வோணும்னியே."

வாழ்நாள் முழுக்க யோசிக்காமல் அடித்தவள், ஒரே ஒரு தடவை யோசித்து அடித்திருக்கிறாள். அந்த யோசனையோடுதான் என் தொடையில் காலை வைத்து அழுத்தியிருக்கிறாள். எனக்கு அது பாசம் என்று தெரிந்தது. பயமாகவும் இருந்தது. அன்றைக்கு அவள் ஓட்டலில் இரண்டு இட்லிகூட முழுசாகச் சாப்பிடவில்லை.

விசா வந்தது. யார் நம்பினார்கள், எதை நம்பினார்கள் என்று தெரியாது. நான் கிளம்புகிற காலையில் வண்டி வாசலில் நின்றது. பையைத் தூக்கினேன். கட்டுப் பிரித்தும் இடது கால் இன்னும் சரியாக ஊன்றவில்லை. அத்தை வழியை மறித்தாள்.

"இரு. ஒரு எடத்துக்குப் போவணும்."

அடுத்த வீட்டு வாசலுக்குத்தான் கூட்டிக்கொண்டு போனாள். அண்ணி உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அண்ணனுக்கு இன்னும் ஜாமீன் கிடைத்திருக்கவில்லை. பெண்கள் இரண்டும் கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தன.

"இவன் இன்னிக்குப் போறான்" என்றாள் அத்தை. "உன் வூட்டுக்காரன் உள்ள போனது இவனுக்குப் பதிலு. அன்னிக்கு நீ குடுத்தது எனக்கு. இவனுக்கு வர்றத இவனுக்குக் குடுத்துடு."

அண்ணி கத்தியை வைத்தாள். கை கழுவவில்லை. எழுந்து வந்து என் எதிரில் நின்றாள். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அடி விழுந்தது. கண் இருட்டி, நொண்டிக் கால் மடங்கி, வாசல் கழியைப் பிடித்துக்கொண்டேன். காதுக்குள் ஓவென்று இரைந்தது. அண்ணி திரும்பிப் போய் உட்கார்ந்து மீனைக் கையில் எடுத்தாள். அவள் தோள் குலுங்கியது.

கன்னத்தில் செதில் ஒட்டிக்கொண்டிருந்தது. துடைக்கக் கையைக் கொண்டுபோனேன். அத்தை தட்டிவிட்டாள்.

"தொடைக்காத. இப்போ நீ திரும்பி வருவே" என்றாள். "ஏறு வண்டில."